தொண்ணூற்றாறு பற்கள்

உத்தரவாதப் பிரிவு என்பது
ஷார்ஜா பத்தாம் தொழிற்பேட்டையில்
டயர்க் கடைக்குப் பின்னால் ஒரு மேசை.
திரும்பி வருகிறதெல்லாம் என்னிடம்தான் வரும்.
அதனால் இந்தக் கம்பெனியின் சரித்திரத்தை
முதுகுப்பக்கமிருந்து படித்தவன் நான்.

தாவூது லெப்பை கப்பலேறி வந்ததும்
ரோலாவில் கைக்கடிகாரம் கழற்றிப் பூட்டியதும்
வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.
அதில் இல்லாதது:
முதன்முதல் செய்த முந்நூறு டைமரும்
ஆகஸ்டு வெயிலில் முகம் உருகி
ஒரே மாதத்தில் வீடு திரும்பின.
செய்யிதம்மாளின் காதில் கிடந்தது
தைவான் பிளாஸ்டிக்காக மாறி
துறைமுகத்தில் வந்து இறங்கியது.

வட்டத்தகடு ஒன்று. அதைச் சுற்றித்
தொண்ணூற்றாறு பற்கள்.
பல்லுக்குக் கால்மணி.
அமுக்கினால் ஓடும், தூக்கினால் நிற்கும்.
"ஒரு நாளை இதற்குமேல் நறுக்கி
யாருக்கு என்ன ஆகப்போகிறது" என்பாராம்.

தைத் பக்கத்துப் பேரீச்சந்தோட்டம் அனுப்பிய
பம்பு டைமருக்குள்
ஒரு கைப்பிடி மணல், இரண்டு பல்லி முட்டை.
ராசல்கைமா கோழிப்பண்ணையின் புகார்:
உங்கள் டைமரால் நாலு நாளாக இரவே வரவில்லை,
கோழிகள் ஒன்றையொன்று கொத்துகின்றன.
அஜ்மான் பள்ளிவாசல் எழுதியது:
மஃரிபு தினம் கொஞ்சம் நகர்கிறது,
உங்கள் பல் நகரவில்லை.

அந்தக் கடிதத்தில்தான் அண்ணன் தம்பி பிரிந்தார்கள்.
சூரியனைச் சில்லுக்குள் வைப்போம் என்றான் இளையவன்.
பல் போதும் என்றான் மூத்தவன்.
நடுவில் பிளைவுட் சுவர் எழும்பியது.
இந்தப் பக்கம் டைமர், அந்தப் பக்கம் எனர்ஜி கண்ட்ரோல்.
கழிப்பறை மட்டும் ஒன்று.
அதன் விளக்கு யார் மீட்டரில் எரிவதென்று
ஆறு மாதம் கடிதப் போக்குவரத்து.
லெப்பை ஒன்றும் பேசவில்லை.
ஸ்டூல் போட்டு ஏறி
தன் டைமர் ஒன்றைச் சுவரில் மாட்டினார்:
பகல் பன்னிரண்டு வரை மூத்தவன் மீட்டர்,
பிறகு இளையவன்.
மதியத்துக்கு மேல்தான் மூத்தவன்
அந்தப் பக்கம் போவான் என்று பேச்சு.

சுவர் இப்போது இல்லை. மூத்தவர் கனடாவில்.
இளையவர் மகள் ரஹ்மத் சுல்தானா கையெழுத்திடுகிறாள்.
போன வருஷம் வந்தது புதுச் சரக்கு,
ஏசிக்கு மேல் பொருத்துகிற வெள்ளைப் பெட்டி.
மணிக்கு மூன்று பல் குளிர், ஒரு பல் ஓய்வு.
விளம்பரத்தாளில் முப்பது சதவீத மிச்சம்,
ஒரு பச்சை இலை.
கேம்ப் முதலாளிகள் நூறு நூறாக வாங்கினார்கள்.

சோதனை மேசையில் ஆளில்லாத வாரம்
நானும் உட்கார்ந்தேன். ஆயிரத்தெட்டோ என்னவோ
பாஸ் போட்டேன்.

ஜூலையில், சஜா கேம்ப்பில், என் அறையில்
நிலைவாசலுக்கு மேல் அதே வெள்ளைப் பெட்டி.
ராத்திரி ஒன்றேகாலுக்கு ரிலே தட்டியது.
அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.
மேல்கட்டில் எபனேசர் எழுந்து
பனியனைப் பிழிந்தான்.
கீழே நேபாளத்துப் பையன் கதவைத் திறந்தான்,
வெளியே அதைவிடச் சூடு.
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்,
ஸ்டிக்கரில் என் எண், பதினாலு.

"அண்ணே, உங்க கம்பெனிதானே,
ஒரு வயரை மாத்திவிடுங்க."
எந்த வயர் என்று தெரியும்.
பதினைந்து நிமிடம் உட்கார்ந்தே இருந்தேன்.
திரும்பத் தட்டியது. எல்லோரும் படுத்தார்கள்.

காலையில் என் மேசைக்கு
நானே ஒரு படிவம் நிரப்பிக்கொடுத்தேன்.
பொருள்: வெள்ளைப் பெட்டி.
வாடிக்கையாளர்: அறை எண் இருபத்தேழு.
பழுது: இல்லை.
செய்தபடியே வேலை செய்கிறது.

மூன்றாம் நாள் மாடியிலிருந்து திரும்பி வந்தது.
ஓரத்தில் பென்சிலில் அவள் கேட்டிருந்தாள்,
அறையில் எத்தனை பேர்?
எட்டு என்று எழுதினேன்.
பிறகு அடித்துவிட்டு
எட்டுப் பெயரையும் எழுத ஆரம்பித்தேன்.
கட்டம் சின்னது. தாளின் பின்பக்கம் போயிற்று.